16-ஆ, 64-ஆ, 128-ஆ? ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்கு எந்த சி.டி. ஸ்கேன் சரி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, அவனும் அவன் மனைவியும் 30 படுக்கைகள் கொண்ட ஒரு நர்ஸிங் ஹோம் நடத்துகிறார்கள். அவன் பொது மருத்துவம், அவள் மகப்பேறு. "மாமா, சி.டி. போடலாம்னு இருக்கோம். மூணு கொட்டேஷன் வந்திருக்கு. 16 ஸ்லைஸ் புதுசு, 64 ஸ்லைஸ் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிபண்ணித் தர்றது, 128 ஸ்லைஸ் புதுசு. எதை எடுக்கட்டும், சொல்லுங்க" என்றான்.

24 வருடமாக சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். 4 ஸ்லைஸ் மெஷினில் வேலை கற்றுக்கொண்டேன், இப்போது 128-இல் நிற்கிறேன். இதே கேள்வியைப் பல டாக்டர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருமே ஸ்லைஸ் எண்ணை (மெஷின் ஒரே சுற்றில் உடம்பின் எத்தனை குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் என்பதை) டி.வி. வாங்கும்போது அங்குலம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். எண் பெரிதானால் படம் நல்லது என்று ஒரு எண்ணம். அது பாதிகூட உண்மை இல்லை. என் மருமகனுக்கு நான் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய 16. ஏன் என்பதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் இடத்துக்கு அது தப்பான பதிலாகவும் இருக்கலாம்.

ஸ்லைஸ் என்பது எங்கிருந்து வந்தது

தாம்பரம் பக்கம் ரோட்டோரத்தில் பண்ருட்டிப் பலா குவித்து விற்பார்கள். ஒரு பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை, எந்தச் சுளை அழுகல் என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் எல்லாச் சுளையின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஃபிலிமில் விழுந்துவிடும். 1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததிலிருந்து முக்கால் நூற்றாண்டு இதுதான் நிலைமை. மண்டையோட்டின் நிழலுக்குள் மூளை மறைந்துபோகும். மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் அறைகளுக்குள் ஏறியபின் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளி தலைவலியில் துடித்துப்போவார்.

பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் கோணத்திலிருந்தும் நிழலை அளந்தால், அந்த அளவுகளை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கு போட்டே கண்டுபிடிக்கலாம் என்பதை யோகான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித மேதை 1917-லேயே நிரூபித்துவிட்டார். அவர் மருத்துவத்தை நினைத்து அதைச் செய்யவில்லை. 1956-இல் கேப் டவுனில் ஒரு மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை பார்த்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக், கதிர் சிகிச்சைக்கு உடம்புக்குள் எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சும் என்று தெரியாமல் எப்படி டோஸ் கணக்கிடுவது என்று யோசித்து, ராடானின் வேலை தெரியாமலே அதே கணக்குக்கு வந்து சேர்ந்தார். 1963-லும் 1964-லும் கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்ட யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரையின் பிரதி கேட்டு எழுதியவர்களில் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று.

அப்புறம்தான் ஹவுன்ஸ்ஃபீல்டு வருகிறார். பழைய இசைத்தட்டுகளில் நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. முத்திரை இருக்குமே, அதன் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யில் எஞ்சினியர். டாக்டர் பட்டம் கிடையாது. எல்லாக் கோணத்து எக்ஸ்ரேயையும் கணக்கிட்டுப் படமாக்கும் சி.டி. யோசனை அவருக்கு 1967-இல் வந்தது. முதல் சோதனை மெஷினில் ஒரு பொருளை ஸ்கேன் செய்ய 9 நாள் ஆனது. 28,000 அளவுகள், அதைக் கம்ப்யூட்டர் கணக்கிட இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே டியூப் பொருத்தியபின் அந்த 9 நாள் வெறும் 9 மணி நேரமாகக் குறைந்தது. சோதனைக்காக மாட்டு மூளையை எடுத்துக்கொண்டு லண்டனின் பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்தவர் அவர். 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்ஸன் மார்லி மருத்துவமனையில், டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் துணையோடு, முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார்கள். குறுக்கே 80, நெடுக்கே 80 புள்ளி கொண்ட படம். மூளையின் முன்பகுதியில் நீர்க்கட்டி தெளிவாகத் தெரிந்தது. 1979-இல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்காரர்கள் பலருக்கும் தெரியாத ஒரு பங்கு நமக்கு உண்டு. கிண்டி வளாகத்தில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில், கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பைக் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனைத்தான் சொல்கிறேன். அவர் சென்னையை விட்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போன சமயத்தில், 1971-இல், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நிழல்களிலிருந்து உருவத்தை எப்படி வேகமாகத் திரும்பக் கட்டுவது என்பதுதான் பொருள். ஒவ்வொரு கோணத்து நிழலையும் அது வந்த வழியிலேயே திரும்பப் பூசிக்கொண்டே போனால் உருவம் வரும், ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மை ஊறியதுபோல் ஒரு மங்கல் நிற்கும். பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலின் இரு ஓரத்திலும் கொஞ்சம் கழித்துவிட்டால் அந்த மங்கல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். அந்தக் கழித்தலைச் சுலபமான கூட்டல் பெருக்கலாக மாற்றித் தந்தார்கள் இருவரும். 'ராம்-லாக் ஃபில்டர்' என்றுதான் உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எலும்புக்குக் கூர்மையான கெர்னல் (ஃபில்டர் வகை), வயிற்றுக்கு மென்மையான கெர்னல் என்று நான் தினமும் கன்சோலில் தேர்ந்தெடுக்கிறேனே, அதெல்லாம் அந்த வம்சத்தில் வந்ததுதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

சரி, எண்ணுக்கு வருவோம். ஆரம்ப கால மெஷின்களில் கேபிள் சுற்றிக்கொள்ளும் என்பதால் கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றி டியூபைச் சுழற்றும் அந்தப் பெரிய வளையம்) ஒரு சுற்று வலப்பக்கம் சுற்றினால் அடுத்தது இடப்பக்கம் சுற்ற வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் கேபிளுக்குப் பதில் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் ஸ்லிப் ரிங் வந்தது. டியூப் நிற்காமல் சுற்ற, படுக்கை நிற்காமல் நகர, பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோல் கதிர் உடம்பைச் சுற்றி இறங்கியது. அதுதான் ஸ்பைரல் சி.டி. 1998-இல் ஒரே சுற்றில் 4 ஸ்லைஸ் எடுக்கும் மெஷின்கள் வந்தன, சில வருடத்தில் 16, 2004 வாக்கில் 64. அதாவது நோயாளியின் தலை-கால் திசையில் டிடெக்டரை (உடம்பைக் கடந்து வரும் கதிரை அளக்கும் பாகத்தை) எத்தனை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த எண் முதலில் குறித்தது.

'முதலில்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று 32 ஸ்லைஸ் என்று விற்கும் பல மெஷின்களில் டிடெக்டர் வரிசை 16தான். 128 என்று விற்பவற்றில் பல 64 வரிசைதான். டியூபில் கதிர் கிளம்பும் புள்ளியை மின்னல் வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தியோ, கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று படும்படி படம் உருவாக்கியோ எண்ணை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறார்கள். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், படத்தின் நுணுக்கத்தில் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் ஒரே சுற்றில் மெஷின் கடக்கும் தூரம் அதனால் ஒரு மில்லிமீட்டர்கூட கூடாது. மருமகனின் 128 கொட்டேஷனைப் பார்த்தேன். டிடெக்டர் அகலம் 40 மி.மீ. என்று போட்டிருந்தது. 64-க்கும் அதே 40 மி.மீ.தான்.

கேட்க வேண்டிய கேள்வி: ஒரு சுற்றில் எத்தனை மில்லிமீட்டர்?

16 வரிசை மெஷின் ஒன்று, ஒரு சுற்றில் 20 மி.மீ. பார்க்கிறது, ஒரு சுற்றுக்கு 0.8 நொடி எடுக்கிறது என்று கொள்ளுங்கள். பிட்ச் (ஒரு சுற்றில் படுக்கை நகரும் தூரம் அந்த அகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.4 வைத்தால் நொடிக்கு 35 மி.மீ. நகரும். 30 செ.மீ. நெஞ்சை முடிக்க ஒன்பது நொடி. 40 மி.மீ. அகலம், 0.5 நொடிச் சுற்று கொண்ட 64-இல் அதே நெஞ்சு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். ஆறு நொடிதானே வித்தியாசம் என்று தோன்றும். நம் ஊர் நிலவரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு நொடி எவ்வளவு பெரியது என்று புரியும். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் இருக்கிறது. டி.பி. வந்து போன நுரையீரல், பீடி பிடித்த நுரையீரல், இவர்களெல்லாம் அந்தப் பகுதியில் நிறைய. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொன்னால் நாலாவது நொடியிலேயே இருமிவிடுவார்கள். படத்தில் உதரவிதானம் இரண்டு இடத்தில் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம். பல 16 வரிசை மெஷின்களில் 20 மி.மீ. அகலம் என்பது தடித்த ஸ்லைஸுக்கு மட்டும்தான். மெல்லிய ஸ்லைஸ் வேண்டும் என்றால் அகலம் 10 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், நேரம் இரட்டிப்பாகும். விற்பனைக்கு வருபவரிடம் "ஒன்றே கால் மி.மீ. ஸ்லைஸில் எத்தனை, முக்கால் மி.மீ. ஸ்லைஸில் எத்தனை" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருமகன் கேட்டபோது அவர் ஆபீசுக்குப் போன் போட்டுத்தான் பதில் சொன்னாராம்.

இதயம் பார்க்க வேண்டுமா என்பதுதான் அடுத்தது. இந்த ஒரு கேள்விக்கு ஆமாம் என்றால் 16-ஐ மறந்துவிடலாம். துடிக்கும் இதயத்தை அசையாமல் பிடிக்க, ஒரு அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம்தான் கேமராவின் ஷட்டர் மாதிரி. 0.8 நொடிச் சுற்று என்றால் 400 மில்லிநொடி. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி ரத்தக்குழாய் அதற்குள் இடம் மாறி நிழலாகிவிடும். 0.35 நொடிச் சுற்று உள்ள 64 அல்லது 128-இல் 175 மில்லிநொடி. துடிப்பை மாத்திரை கொடுத்து 60, 65-க்குள் கொண்டுவந்தால் நல்ல படம் கிடைக்கும். இரண்டு டியூப் வைத்த மெஷின்கள் கால் சுற்றிலேயே முடித்துவிடும், ஆனால் அவை இந்தப் பேச்சில் வராத விலை.

மருமகன் இதய நோயாளிகளைப் பார்க்கிறான்தான். ஆனால் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறான். மாதம் எத்தனை பேருக்கு சி.டி. கொரோனரி ஆஞ்சியோ எழுதினான் என்று பழைய ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிடலாம். அவனிடம் வருவதெல்லாம் பக்கவாதம், தலையில் அடி, சிறுநீரகக் கல், அப்பெண்டிக்ஸ் சந்தேகம், நெஞ்சுச் சளி. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின் ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரியிலும் வண்டி ஓயவில்லை, விபத்து கேஸ்களும் கூடிவிட்டன. இவை எல்லாமே 16 வரிசை மெஷின் நிம்மதியாகச் செய்யக்கூடியவை.

ராத்திரி இரண்டு மணி

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். வலது கை தொங்கிக் கிடக்கிறது, பேச்சு வரவில்லை. மனைவி ஒரு மஞ்சள் பையையும் அவர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "பன்னெண்டே முக்காலுக்குத் தண்ணி கேட்டாரு, அப்ப நல்லாத்தான் பேசினாரு" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை டியூட்டி டாக்டர் கையிலேயே எழுதிக்கொண்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

தலையை ஹோல்டரில் வைத்து, நெற்றிக்குப் பட்டை கட்டி, ஸ்கேன் ஓட்டினேன். காண்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டும் ஊசி மருந்து) வேண்டியதில்லை, பத்துப் பதினைந்து நொடி வேலை. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் ஒரு அளவுகோல் உண்டு. அதில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளையின் சாம்பல் நிறப் பகுதி 35, 40 என்று இருக்கும். புது ரத்தம் 60-ஐத் தொடும். இத்தனை பெரிய அளவுகோலில் உயிரைத் தீர்மானிக்கும் இடைவெளி வெறும் இருபத்தைந்து. அந்தச் சின்ன இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியும்படி திரையில் விரித்து வைப்பதைத்தான் விண்டோ என்கிறோம். மூளைக்கு அகலம் 80, நடு 40. நான் பார்த்தபோது வெள்ளை எங்கும் இல்லை. ரத்தக்கசிவு இல்லை. இடப்பக்க நடு மூளைத் தமனி மட்டும் ஒரு நூல் மாதிரி கொஞ்சம் பிரகாசமாக இருந்தது, உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியாலஜிஸ்ட் வீட்டிலிருந்தே படத்தைப் பார்த்துச் சொன்னார், ஊசி போட்டார்கள்.

அது 16 ஸ்லைஸ் மெஷின். 128 ஆக இருந்திருந்தால் அந்த மனிதருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைத்திருக்காது. பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அதனால்தான் 'வாங்கவே வேண்டாம், பக்கத்து ஸ்கேன் சென்டரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்' என்ற நாலாவது வழியை நான் அவனுக்குச் சொல்லவில்லை. பகலில் அது நல்ல வழிதான், முதலீடும் இல்லை. ராத்திரியில் ஆம்புலன்ஸ் வரவழைத்து, நோயாளியை ஏற்றி, இறக்கி, திரும்பக் கொண்டுவர முக்கால் மணி நேரமாவது போய்விடும். மெயின் ரோட்டில் அவசரப் பிரிவு நடத்தாத கிளினிக் என்றால் நிச்சயம் நாலாவது வழியையே எடுங்கள்.

டியூபைப் பற்றிக் கேளுங்கள்

இப்போது அந்த ரீஃபர்பிஷ்டு 64. இதில்தான் மருமகனுக்கு ரொம்ப ஆசை. புதிய 16-இன் விலைக்கு அருகில் 64 கிடைக்கிறது, இதயமும் பார்க்கலாம் என்று. மோசமான யோசனை இல்லை. நல்ல ஆட்கள் கழற்றி, துடைத்து, தேய்ந்த பாகம் மாற்றி, முறையாகப் பொருத்தித் தருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சி.டி. மெஷினின் உயிர் டியூபில் இருக்கிறது. உள்ளே எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் தட்டில் மோதும்போது ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆற்றல்தான் எக்ஸ் கதிராகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டோடு தட்டு சுழல்கிறது, தட்டைச் சுமந்துகொண்டு டியூபே நோயாளியைச் சுற்றுகிறது. 0.35 நொடிக்கு ஒரு சுற்று என்றால், நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் டியூப் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்குகிறது. 0.8 நொடிச் சுற்றில் அது நாலு மடங்குதான். வேகமான மெஷினின் பேரிங் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியம் இல்லை. டியூப் மாற்றும் செலவு, ரீஃபர்பிஷ்டு மெஷின் வாங்கிய விலையில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

ஒரு சென்டரில் (பெயர் வேண்டாம்) பழைய 64 வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை, சனிக்கிழமை சாயங்காலம். படுக்கையில் விபத்தில் அடிபட்ட ஒரு பையன். தலை முடிந்தது, வயிற்றுக்கு ஆரம்பித்தபோது கேன்ட்ரிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கன்சோலில் சிவப்பு எழுத்து. டியூபுக்குள் ஆர்க் (மின்பொறி) அடித்துவிட்டது. எஞ்சினியர் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார். டியூப் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்தப் பையனை மழையில் வேறு இடத்துக்கு அனுப்பியபோது அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

அதனால் ரீஃபர்பிஷ்டு எடுப்பவர் டியூப் இதுவரை எத்தனை ஸ்கேன் நொடி ஓடியிருக்கிறது என்று சர்வீஸ் திரையிலேயே திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் டியூபும் சேர்த்தியா, டிடெக்டரும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்க வேண்டும். எஞ்சினியர் சென்னையிலேயே இருக்கிறாரா, உதிரி பாகம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மருமகனின் கொட்டேஷனில் 'டியூப் நீங்கலாக' என்ற இரண்டு சொல் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அவன் அதைப் படித்திருக்கவில்லை.

பழைய 64-க்கு எதிராக இன்னொன்றும் உண்டு, இது நோயாளியின் பக்கம் நின்று சொல்வது. கதிர் அளவு. வயிற்று சி.டி. ஒன்றுக்கு சாதாரணமாக 8, 10 மில்லிசீவர்ட் ஆகும். இயற்கையிலிருந்தே ஒரு வருடத்தில் நமக்குச் சேர்வது உலக சராசரியில் 2.4. அப்படியென்றால் ஒவ்வொரு ஸ்கேனிலும் குறைக்க முடிந்ததைக் குறைப்பது நம் கடமை. 2004 முதல் 2009 வரை செய்த 64-களில் பலவற்றில் ராமச்சந்திரன் காலத்து ஃபில்டர் முறை மட்டும்தான் இருக்கும். டோஸைக் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். இன்றைய புதிய 16-இல்கூட, படத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு அந்தப் புள்ளிகளைக் குறைக்கும் இடரேட்டிவ் முறை கிடைக்கிறது. அதே தரத்துக்குக் குறைந்த கதிர் போதும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வந்துபோகும் நர்ஸிங் ஹோமில் வரிசை எண்ணைவிட இதற்குத்தான் நான் மதிப்பு கொடுப்பேன்.

16-இன் குறையையும் மறைக்கக் கூடாது. டியூபுக்குச் சக்தி கொடுக்கும் ஜெனரேட்டர் சின்னது. நூறு கிலோ தாண்டிய ஆளின் தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் போதுமான கதிர் போகாமல் குறுக்கே கோடு கோடாக விழும். டியூபின் வெப்பக் கொள்ளளவும் குறைவு. கல்லீரலுக்கு மூன்று கட்டம் காண்ட்ராஸ்ட் எடுத்து முடித்தால், அடுத்த நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு டியூப் ஆறும்வரை கன்சோலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கேஸ் பார்க்கும் இடம் என்றால் 16-ஐ வாங்கிச் சிரமப்படாதீர்கள், நேராகப் புதிய 64 அல்லது 128-க்குப் போங்கள். அந்த இடத்தில் கூடுதல் பணம் திரும்பி வந்துவிடும். கால்கள் வரை ரத்தக்குழாய் ஆஞ்சியோ எடுப்பவர்களுக்கும் இதே பதில். மருமகன் எதிர்பார்ப்பது நாளைக்கு எட்டு, பத்து.

ஃபோட்டான் கவுன்ட்டிங் பற்றியும் அவன் கேட்டான். ஒளியாக மாற்றாமல் ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானையும் காட்மியம் டெலுரைடு டிடெக்டர் நேரடியாக எண்ணும் மெஷின், 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அருமையான தொழில்நுட்பம். 30 படுக்கைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

அடித்தளமா, தரைத்தளமா

விலையை இங்கே எழுதவில்லை. அது டாலரும் பேரமும் சேர்ந்து மாதாமாதம் மாறுவது. ஆனால் 128-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்தில் மிச்சமாகும் பணத்தை எங்கே போட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். முதலில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு டெக்னீஷியன். மெஷின் இருந்து, ஓட்ட ஆள் இல்லாமல் காலை எட்டு மணிக்குக் காத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, மெஷின் முழுவதையும் தாங்கும் யூ.பி.எஸ். கரண்ட் போய் ஜெனரேட்டர் எழுந்துகொள்ளும் அந்தச் சில நொடியில் ஸ்கேன் அறுந்தால், நோயாளிக்குக் கதிர் போய்ச் சேர்ந்திருக்கும், படம் மட்டும் இருக்காது.

மூன்றாவது ஏ.சி., அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை யாரும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. அறை சூடாகி டிடெக்டரில் ஒரே ஒரு கட்டம் கொஞ்சம் விலகினாலும், அது சுற்றிவரும் பாதை முழுக்க ஒரே தப்பைச் செய்வதால் படத்தில் வட்டமாக ஒரு வளையம் விழும். ஒருமுறை மே மாதம் ஏ.சி. பழுதான மறுநாள், மூளைத் தண்டின்மேல் அச்சாக அப்படி ஒரு வளையம் விழுந்திருந்தது. அனுபவம் இல்லாத கண்ணுக்கு அது நோயாகவே தெரிந்திருக்கும்.

அறை விஷயத்தில் அவன் அடித்தளத்தைக் காட்டினான். இடம் சும்மா கிடக்கிறது, சுற்றிலும் மண், கதிர்த் தடுப்புக்கும் சுலபம் என்றான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் அனுமதி வாங்கும்போது வரைபடம் சுலபமாகத் தேறும் என்பது உண்மைதான். ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பியபோது நான் வேலை பார்த்த இடத்தில் சி.டி. அடித்தளத்தில்தான் இருந்தது. கேன்ட்ரியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை டார்ச் வெளிச்சத்தில் படிக்கட்டில் நின்று பார்த்தேன். அந்த மெஷின் திரும்ப ஓடவில்லை. 2023 டிசம்பர் புயல் மழையில் வண்டலூர், முடிச்சூர் பக்கம் என்ன ஆனது என்று அவனுக்கே தெரியும். தரையைவிட உயர்த்திக் கட்டிய தரைத்தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஈயத் தகடு வைத்த கதவு. வரைபடம் போடும்போதே கேபிள் பள்ளமும் தண்ணீர் வராத உயரத்தில் இருக்கும்படி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக நாங்கள் பேசியது போன வியாழக்கிழமை. 16-ஐ எடுப்பதாக முடிவு செய்துவிட்டான். அவன் மனைவிக்கு மட்டும் இன்னும் 64-இன்மேல் ஒரு கண். "அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு இதய டாக்டர் நம்மகூட சேர்ந்தா என்ன பண்றது, மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்படி ஒருவர் சேர்வது இப்போதே உறுதி என்றால் புதிய 64-க்குக் காத்திருக்கலாம், பழைய 64 வேண்டாம் என்றேன். அறையையும் மின் இணைப்பையும் மட்டும் பெரிய மெஷினுக்கு ஏற்றபடி இப்போதே போட்டுவிடச் சொன்னேன்.

வரும் ஞாயிறு அதே மாடல் ஓடும் ஒரு இடத்தைக் காட்ட அழைத்துப் போகிறார்கள், நானும் போகிறேன். அழகான இதயப் படங்களை டெமோவில் காட்டுவார்கள். அதைப் பார்த்து முடித்தபின், தினமும் காலையில் நாங்கள் முதலில் ஸ்கேன் செய்கிற அந்தத் தண்ணீர் உருளையை வைத்து ஒரு ஸ்லைஸ் எடுத்துக் காட்டச் சொல்லப் போகிறேன். நடுவில் ஒரு வட்டம், நாலு ஓரத்தில் நாலு வட்டம். ஐந்திலும் எண் பூஜ்யத்தை ஒட்டி, நாலு கூடவோ குறையவோ இருக்க வேண்டும். நடுவுக்கும் ஓரத்துக்கும் அதைவிட வித்தியாசம் வந்தால், எஞ்சினியரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் செக்கில் கையெழுத்து போடச் சொல்வேன்.